சோலார் பேனலுக்குக் கீழே சாயோர் (கீரை, காய்கறி): ஒரு ஏக்கரை மூடலாமா?

(மன்ற இழை. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கங்குங் கட்டு

மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் 3 ஏக்கர், விவசாய கெரான் (நிலப்பட்டா). கிழக்கு எல்லையில் 12 மீட்டர் வளர்ந்த செம்பனை, மேற்கில் பாரிட் (வடிகால்). ஒரு ஏக்கரில் சாவி, கங்குங், பாயம் என்று கீரை வகை. இன்னொரு ஏக்கரில் வெண்டையும் மிளகாயும். மிச்சத்தில் பாதி பாலிபேக் இஞ்சி, பாதி லாலாங் புல். இரண்டு 2 குதிரைசக்தி பம்பு, ஒரு குளிர் அறை (3 குதிரைசக்தி கம்ப்ரஸர்).

கீரை ஏக்கர் முழுவதையும் 3 மீட்டர் உயரத்தில் மூடலாம் என்று ஒரு கொன்ட்ராக்டர் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். தெற்குப் பார்த்த வரிசை, மேலும் கீழுமாக இரண்டு பேனல், நிலத்தில் 60 விழுக்காடு மூடல். பயிரைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு வரி கிடையாது. எந்தப் பயிர் தாங்கும், எவ்வளவு மூடலாம், எங்கே கெடும்? கணக்கோடு சொல்லுங்கள்.

மூணு பேஸ்

தம்பி, பயிருக்கு முன்னால் கரண்ட் எங்கே போகப்போகிறது என்று பாருங்கள்.

இப்போது கடையில் கிடைக்கும் 550 வாட் பேனல் ஏறக்குறைய 2.28 க்கு 1.13 மீட்டர், 2.58 சதுர மீட்டர், எடை 28 கிலோ. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் 60 விழுக்காடு மூடினால் 940 பேனல், 500 கிலோவாட்டுக்கு மேல்.

உங்கள் செலவு என்ன? பம்பு இரண்டும் நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். கம்ப்ரஸர் 2.2 கிலோவாட், நாளில் 60 விழுக்காடு நேரம் ஓடும் என்று வைத்தால் 30 யூனிட் சொச்சம். மொத்தம் 42 யூனிட். நம் வானத்துக்கு 1 கிலோவாட் பேனல் சராசரி 3.5 யூனிட் தரும். ஆக 12 கிலோவாட் போதும். 22 பேனல், 57 சதுர மீட்டர். சாயோர் கழுவிக் கட்டும் கொட்டகைக் கூரையிலேயே அடங்கிவிடும், ஒரு தூண்கூட நட வேண்டாம்.

தேவை 12, படத்தில் 500. மிச்சமெல்லாம் விற்கத்தான். மிச்சக் கரண்டைக் கணக்கில் கழிக்கும் நெம் 3.0 திட்டம் 2025 நடுவில் மூடியாயிற்று, 2026 ஜனவரியிலிருந்து அதன் இடத்தில் சோலார் அதாப் திட்டம். உங்கள் கட்டணப் பிரிவில், வெளியே விற்கும் யூனிட்டுக்கு விலை என்ன, மாதக் கடைசியில் மிச்சம் நின்றால் அது அடுத்த மாதத்துக்கு வருமா, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் 500 கிலோவாட் படத்தைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. குளிர் அறை இரவிலும் ஓடும். பாட்டரி வாங்கித் தாங்குவதைவிட, பகலில் அறையை 2 டிகிரி கூடுதலாகக் குளிரவைத்து, ஐஸ் பேக்குகளை உறையவைத்துக்கொள்வது மலிவு. ஆனால் கீரைக்கு 4 டிகிரி வைத்த அறையில் வெண்டையைப் போடாதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் வெண்டை புள்ளி விழுந்து கறுக்கும்.

சாயோர் லோரி

கூரையே போதும் என்றால் இந்த இழையே தேவையில்லையே அண்ணே. பயிருக்கு மேலே பேனல் போடுவதில் லாபம் என்று ஒன்று உண்டா இல்லையா?

நிழல் கணக்கு

உண்டு. ஆனால் கொன்ட்ராக்டர் சொல்லும் இடத்தில் இல்லை.

சாவி, காய்லான் போடுகிறவர்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வெயிலைத் தூக்கி எறிகிறார்கள். 50 விழுக்காடு கறுப்பு வலை எதற்கு? மேலே பிளாஸ்டிக் கூரை எதற்கு? மழைத்துளி மண்ணைத் தெறித்து இலையில் அடிக்கக் கூடாது, உச்சிவெயிலில் இலை துவளக் கூடாது. வலையும் பிளாஸ்டிக்கும் சில ஆண்டில் நைந்து மாற்ற வேண்டியவை. பேனல் 25 ஆண்டு நிற்கும். வலையின் வேலையைப் பேனல் செய்தால் அதுதான் இந்த ஊருக்கான லாபம். வெளிநாட்டுக் கட்டுரையில் வரும் "தண்ணீர் மிச்சம், குளிர்ச்சி" எல்லாம் வறண்ட ஊர்க் கணக்கு.

இனி வெளிச்சம். ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மோல் (ஒளித்துகளை எண்ணும் அளவு) வெளிச்சம் விழுகிறது என்பதுதான் பயிருக்கான அளவு. சதுர மீட்டருக்கு நாளுக்கு 4.5 யூனிட் வெயில் விழும் இடத்தில் அது 33 மோல் வரும். சாலட், சாவி வகைக்கு 12 முதல் 17 மோல் போதும். மிளகாய், தக்காளிக்கு 20 முதல் 30 வேண்டும். 60 விழுக்காடு மூடினால் மிஞ்சுவது 13. கணக்குப்படி சாவி தப்பிக்கும். ஆனால் 33 என்பது சராசரி. நவம்பரில் நாள் முழுக்க மூட்டம் போட்டால் திறந்த வெளியிலேயே 10, 12 மோல்தான், அடியில் 5கூட நிற்காது. அப்படி ஒரு வாரம் போனால் சாவியின் காம்பு நீண்டு இலை மெலிந்து, கட்டு கட்டும்போதே முறியும். நிழலில் கீரைக்கு நைட்ரேட்டும் கூடும். வழக்கமான யூரியா அளவையே போட்டால் நிறம் மட்டும் கறுகறு என்று இருக்கும், சுவையும் இருக்காது, நிற்கவும் நிற்காது.

35 விழுக்காட்டோடு நிறுத்துங்கள். 21 மோல் மிஞ்சும். நம் வானத்தில் ஏறக்குறைய பாதி வெளிச்சம் மேகத்தில் சிதறி நாலா பக்கமிருந்தும் வருவது, அதனால் நிழல் கத்தி வெட்டியதுபோல் விழாது. இது நமக்குச் சாதகம்.

படத்தில் பெரிய பிழை திசைதான். தெற்குப் பார்த்த பேனல் என்றால் வரிசை கிழக்கு மேற்காக நீளும். ஜெர்மனிக்கு அது சரி. பெஸ்தாரி ஜெயா 3.4 டிகிரி வடக்கில் இருக்கிறது, சூரியன் தலைக்கு மேலேயே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறது. 3 மீட்டர் உயரப் பேனலின் உச்சிவேளை நிழல் ஜூனில் 1.1 மீட்டர் தெற்கே தள்ளும், டிசம்பரில் 1.5 மீட்டர் வடக்கே. வரிசையின் அகலம் 4.5 மீட்டர். கழித்துப் பாருங்கள்: நடுவில் ஏறக்குறைய 2 மீட்டர் பட்டை வருஷம் முழுவதும் உச்சிவெயிலையே பார்க்காது. அங்கே பாசிதான் விளையும்.

வரிசையை வடக்கு தெற்காகப் போடுங்கள், பேனல் மேற்கோ கிழக்கோ பார்த்து 10 டிகிரி சாயட்டும். நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 1:15 வாக்கில். காலை 10 மணிக்குச் சூரியன் 41 டிகிரி உயரம், நிழல் மூன்றரை மீட்டர் மேற்கே கிடக்கும். பிறகு நகர்ந்து நகர்ந்து சாயங்காலம் கிழக்கே போய்விடும். எல்லாப் பாத்திக்கும் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல். தெற்குப் பார்வையை விட்டதால் குறையும் மின்சாரம், இந்த அட்சரேகையில், பெயருக்குத்தான். 10 டிகிரிக்குக் கீழே சாய்வைக் குறைக்காதீர்கள். மழை அழுக்கை இழுத்துப் போகாது, கீழ் ஃபிரேமில் சேறு தங்கிப் பாசி பிடிக்கும்.

அளவு: ஒற்றைப் பேனல் அகலம் 2.28 மீட்டர், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் 6.5 மீட்டர். அதுதான் 35 விழுக்காடு. ஏக்கருக்கு 300 கிலோவாட் வரும்.

பயிர்: இஞ்சி, மஞ்சள், பண்டான், கடுக் இலை, வெற்றிலை எல்லாம் நிழலுக்குப் பிறந்தவை. கொடிக்காலில் அகத்தி நட்டு நிழல் கட்டிய சனத்துக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பூனைமீசை மூலிகையைச் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தார் பேனலுக்கு அடியில் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். கங்குங், சாவி, பாயம் 35 விழுக்காட்டில் தாங்கும். கறிவேப்பிலை வளரும், ஒன்றரை மீட்டரில் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். வெண்டை, சோளம், மரவள்ளி, பயற்றங்காய் வேண்டாம்.

சிலி பாடி

அமெரிக்காவில் பேனலுக்கு அடியில் மிளகாய் மூன்று மடங்கு காய்த்தது என்று எல்லா இடத்திலும் வருகிறதே. நீங்கள் மிளகாயை ஓரங்கட்டுகிறீர்கள்.

நிழல் கணக்கு

அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். 2019-ல் வந்த ஆய்வு அது, இடம் அரிஸோனாவின் தூசான், பாலைவனம். செடி சில்டெபின் என்னும் காட்டு மிளகாய், இயற்கையாகவே மர நிழலில் வளர்வது. அங்கே வெயில் செடியைக் கொல்கிறது, நிழல் காப்பாற்றுகிறது. இங்கே மிளகாயைக் கொல்வது வெயிலா? இலைச்சுருட்டையும் காயழுகலும்தான்.

பேனல் மழைத்தெறிப்பைத் தடுப்பதால் காயழுகல் கொஞ்சம் குறையலாம். ஆனால் மழை படாத இலையில் திரிப்ஸும் சிலந்திப்பூச்சியும் குடியேறும், கழுவிவிட ஆளில்லை. பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் மிளகாய் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. நிழலில் பூவும் உதிரும். வரிசைகளுக்கு நடுவே உள்ள 4 மீட்டர் திறந்த பட்டையில் மிளகாய் போடலாம், நேர் அடியில் வேண்டாம்.

சாயோர் லோரி

அப்படியென்றால் வெளிநாட்டுக் கணக்கு எதுவுமே நமக்கு உதவாதா?

நிழல் கணக்கு

இரண்டு உதவும். ஒன்று ஜப்பான். 2013 முதல் விளைநிலத்தில் பேனலுக்கு அனுமதி கொடுத்தபோது, அடியில் விளைவது அந்த வட்டாரச் சராசரியில் 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு எண் இருக்கட்டும். இல்லாவிட்டால் பயிர் வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

இன்னொன்று ஜெர்மனியின் ஹெகல்பாக் பண்ணை. 194 கிலோவாட், 5 மீட்டர் உயரம். 2017-ல் நிலப் பயன் 160 விழுக்காடு, வறண்ட கோடையான 2018-ல் உருளைக்கிழங்கோடு 186. ஆனால் அந்த 186 என்ன சொல்கிறது என்று பாருங்கள். பயிரையும் மின்சாரத்தையும் தனித்தனி நிலத்தில் செய்தால் 1.86 ஹெக்டர் வேண்டும் என்கிறது. காசு 86 விழுக்காடு கூடும் என்று சொல்லவில்லை. நிலம் அரிதான ஊரில்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. உங்களிடம் அரை ஏக்கர் லாலாங் சும்மா கிடக்கிறது.

பாரிட் காவல்

வெளிச்சத்தைப் பேசிவிட்டீர்கள், தண்ணீரை யாரும் தொடவில்லை. பேனல் போட்ட கீரைப் பாத்தி முதலில் கெடுவது அங்கேதான்.

படத்தில் சரிவு நீளம் 4.5 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் மழை நமக்கு அதிசயம் இல்லை. வரிசையின் ஒவ்வொரு மீட்டருக்கும் 225 லிட்டர், கீழ் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் விழும். ஓர் அடி அகலத்துக்கு அது விழுகிறது என்று வைத்தால் அந்தக் கோட்டுக்கு 750 மில்லிமீட்டர் மழை பெய்த கணக்கு. பாத்தி அறுந்து வாய்க்கால் ஆகும், தெறிக்கும் சேறு இருபுறமும் அரை மீட்டர்வரை இலையில் ஏறும். தெறிப்பைத் தடுக்கத்தானே கூரை? ஈய மணல் (பழைய வெள்ளீயச் சுரங்க மணல்) நிலமாக இருந்தால் ஒரே மழையில் தூணின் அடிகூட வெளியே தெரியும்.

ஒற்றைப் பேனல் வரிசை என்றால் இது பாதியாகும், மீட்டருக்கு 112 லிட்டர். அதற்கும் விளிம்பில் தண்ணீரை வாங்கிக் கொண்டுபோகும் பீலி வேண்டும். 20 மீட்டர் வரிசைக்கு 6 அங்குல அரைவட்டப் பீலி, 200-க்கு 1 சரிவு, வாயில் சருகு வலை. அந்த மழையில் மணிக்கு 2,250 லிட்டர் ஓடிவரும். 400 கேலன் தொட்டி 50 நிமிடத்தில் நிரம்பிவிடும், வழிவதைப் பாரிட்டுக்குத் திருப்புங்கள். அதைச் செய்யாமல் தொட்டி மட்டும் வைத்தவர்கள் தொட்டியின் அடி மண்ணை இழப்பார்கள். பேனலில் பறவை எச்சம் இருக்கும். கீரைக்கு அந்தத் தண்ணீரைத் தலைக்கு மேல் தெளிக்காதீர்கள், சொட்டுக் குழாயில் விடுங்கள்.

பீலி வேண்டாம் என்றால், விளிம்புக் கோடு பாத்தியில் விழாமல் நடைபாதையில் விழும்படி பாத்தியை நகர்த்தி, அங்கே கருங்கல் ஜல்லி ஓர் அடி அகலம் கொட்டுங்கள். மலிவான வழி அதுதான்.

பலர் மறப்பது இதன் மறுபக்கம். பேனலின் நேர் அடியில் மழைக்காலத்திலும் மண் காய்ந்து கிடக்கும். மழை கழுவாததால் போட்ட உரத்தின் உப்பு மேலே பூக்கும். இலை ஓரம் கருகினால் நோய் மருந்து அடிக்க ஓடாதீர்கள், முதலில் மண்ணின் உப்பளவை மீட்டரில் பாருங்கள். மாதம் ஒரு முறை உரமில்லாத தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

இரும்புக் கால்

3 மீட்டர் உயரம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். தரையோடு 1 மீட்டரில் நிற்கும் காலுக்கும் 3 மீட்டர் காலுக்கும் ஒரே காற்று, ஆனால் அடியில் வளைக்கும் விசை மூன்று மடங்கு. இரும்பு அதற்கேற்பத் தடிக்கும்.

காற்று தூக்குவதுதான் முக்கியம். வினாடிக்கு 33 மீட்டர் காற்றில் ஒரு பேனலை மேலே இழுக்கும் விசை ஏறக்குறைய 200 கிலோ. பேனலின் எடை 28. ஒரு கால் 6 பேனலைத் தாங்கினால் 1.2 டன் மேலே இழுக்கும். விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே தூண்களை நடுமுன் இழுவைச் சோதனை: அதே இடத்தில் இரண்டு மூன்று தூணை இறக்கி, சங்கிலிக் கப்பியில் இழுத்து, எத்தனை டன்னில் அசைகிறது என்று பார்ப்பது. அதை வேண்டாம் என்று சொல்லும் கொன்ட்ராக்டரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம்.

பெஸ்தாரி ஜெயாவில் பழைய ஈயச் சுரங்க மணலும் உண்டு, கம்பு குத்தினால் இறங்கிக்கொண்டே போகும் கரி மண்ணும் உண்டு. மணலில் திருகு ஆணி தளரும், கான்கிரீட் எடைதான் பிடிக்கும். கரி மண்ணில் வடிகால் வெட்டிய பிறகு நிலமே ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வரை இறங்கும். ஒரு கால் இறங்கி அடுத்தது இறங்காவிட்டால் பேனல் கண்ணாடி முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அடியில் கெட்டி மண்ணைத் தொடும் பைல் இல்லையென்றால் கரி மண்ணில் இந்த வேலையே வேண்டாம். கடலோரப் புளிப்பு மண்ணில் கேட்கிறவர்களுக்கு: அங்கே சல்பேட் தாங்கும் சிமெண்ட் வேண்டும், சாதாரணக் கான்கிரீட்டை மண்ணே தின்னும்.

உயரம் பயிரைப் பார்த்து முடிவு செய்வது. குனியாமல் நடந்து கையால் வேலை செய்ய கீழ் விளிம்பு 2.1 மீட்டர் போதும். கையில் தள்ளும் உழவு மெஷினுக்கும் அதே. சிறு டிராக்டர் நுழைய 3. கீரைக்கு எதற்கு 3?

துத்தநாகப் பூச்சு, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும், 70 மைக்ரானுக்குக் குறையாமல். தளத்தில் ஓட்டை போட்டால் அந்த வாய்க்குத் துத்தநாகச் சாயம் அன்றே பூசுங்கள். கோழி எரு மேடு போட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காலும் பேனலும் வேண்டாம், அம்மோனியா அரிக்கும். வாங்கும் பேனலுக்கு ஐஈசி 62716 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், அது அம்மோனியாச் சோதனை.

மூணு பேஸ்

வயர் பற்றி. மழை பெய்த மறுநாள் காலை இன்வர்ட்டர் "இன்சுலேஷன் குறைவு" என்று காட்டி எழும்பாமல் நிற்கும், பத்து மணிக்குக் காய்ந்ததும் தானாக ஓடும். இன்வர்ட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றச் சொல்வார்கள். பத்துக்கு ஒன்பது தடவை அது இணைப்பான் ஒன்று தண்ணீரில் கிடப்பதோ, சங்குல் (மண்வெட்டி) பட்டு வயரின் தோல் சிராய்த்திருப்பதோதான். 18 பேனல் ஒரே சரத்தில் சேர்ந்தால் 900 வோல்ட். ஈர மண்ணில் வெறுங்காலோடு களை எடுக்கும் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

இணைப்பான் தரையில் கிடக்கக் கூடாது, பர்லினுக்கு (பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடியில் எஃகுக் கிளிப்பில் மாட்டுங்கள், வாய் மேலே பார்க்க வேண்டாம். இரண்டு பிராண்டு இணைப்பானைச் சேர்த்துச் சொருகாதீர்கள், பொருந்துவதுபோல் இருக்கும், சூடேறி உருகும். காலிலிருந்து இறங்கும் வயர் குழாய்க்குள், மண்ணில் 600 மில்லிமீட்டர் ஆழம், மேலே எச்சரிக்கை நாடா. அந்தக் கோட்டை வரைபடத்தில் குறித்துக் கொட்டகையில் ஒட்டுங்கள், பாத்தி மாற்றும்போது யாராவது கட்டாயம் வெட்டுவார்கள்.

சிலாங்கூரில் ஆண்டில் பாதி நாள் இடி முழக்கம்தான். இன்வர்ட்டரின் இரு பக்கத்திலும் மின்னல் தடுப்பான், எல்லாத் தூணையும் செப்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டி, எர்த் 10 ஓமுக்குக் கீழே. ஈய மணலில் ஒரு கம்பி அடித்தால் 10 ஓம் வராது. பாரிட் ஓர ஈரத்தில் நாலைந்து அடித்து இணைக்க வேண்டிவரும்.

கிழக்குச் செம்பனை 12 மீட்டர் என்கிறீர்கள். காலை 10 மணிக்கு அதன் நிழல் 14 மீட்டர் உள்ளே வரும். எல்லையிலிருந்து 15 மீட்டர்வரை பேனல் வேண்டாம். ஒரு பேனலில் ஓலை நிழல் விழுந்தாலும் சரம் முழுவதும் அடி வாங்கும்.

கெரான்

நிலம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1965 தேசிய நிலச் சட்டத்தில் நிலத்துக்கு விவசாயம், கட்டடம், தொழில் என்று வகை உண்டு. கெரானில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செய்யலாம். கொட்டகைக் கூரையில் 22 பேனல் என்பது வேறு, ஏக்கர் கணக்கில் மின்சாரம் விற்பது வேறு. இரண்டாவதுக்கு நில அலுவலகத்தில் 124-ஆம் பிரிவில் வகை மாற்றம் வேண்டுமா என்று படம் போடும் முன்பே கேளுங்கள். மாற்றினால் பிரீமியம் கட்ட வேண்டும், நிலவரியும் மாறும்.

நிலத்தை வெளியாருக்குக் குத்தகை விட்டு அவர்கள் பேனல் போடுவது என்றால், 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு ஆக வேண்டும். நிலத்தின் ஒரு பகுதிக்கு 30 ஆண்டுதான் உச்சம். பதியாத 25 ஆண்டுக் காகிதம் பிரச்சினை வரும்போது வெறும் காகிதம். அதில் எழுத வேண்டியவை: அடியில் பயிர் செய்யும் உரிமை யாருக்கு, களை யார் பொறுப்பு, மண்வெட்டி பட்டுப் பேனல் உடைந்தால் யார் கட்டுவது, கடைசியில் தூணையும் கான்கிரீட்டையும் பிடுங்குவது யார்.

டிஓஎல் (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் லைசென்ஸ்) நிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரே வரி: அந்த லைசென்ஸ் டிசம்பர் 31-ல் முடியும், 25 ஆண்டு இரும்பை அதில் நடாதீர்கள்.

மண்டோர் மகன்

செம்பனைக்கு நடுவே பேனல் போடலாமா? மறுநடவு செய்த பிளாக்கில் மூன்று வருஷம் சும்மாதானே கிடக்கிறது.

பாரிட் காவல்

போடலாம், நாலாம் வருஷம் பிடுங்க வேண்டும். 9 மீட்டர் முக்கோணத்தில் நட்ட கன்று வளர்ந்து மட்டை கைகோத்துக்கொள்ளும், பேனல் அதற்கு அடியில் போய்விடும். செம்பனைக்கும் முழு வெயில் வேண்டும், பேனலுக்கும் முழு வெயில் வேண்டும். ஒரே தட்டில் இரண்டு பசி. மறுநடவில் மூன்று வருஷத்துக்கு ஊடுபயிராக வாழையோ இஞ்சியோ போடுங்கள்.

மண்டோர் மகன்

சரி. அப்போ ஆடு? லாலாங் பக்கம் பேனல் போட்டு ஆடு மேய்க்கலாம் என்கிறார்களே.

இரும்புக் கால்

செம்மறி என்றால் சரி. வெள்ளாடு வேண்டவே வேண்டாம். தாழ்ந்த பேனல்மேல் ஏறி நிற்கும், வயரைக் கடிக்கும். செம்மறிக்கு கீழ் விளிம்பு 1 மீட்டர் போதும், இரும்புச் செலவு குறையும். லாலாங் முற்றினால் செம்மறியும் தொடாது. முதலில் வெட்டி, மருந்தடித்துக் கொன்று, கச்சாங் பிந்தோய் போன்ற தாழ்ந்த கொடியை மூடுபயிராக விடுங்கள். தோட்டத்தில் கிடைக்கிறதே என்று முக்குனா கொடியைப் போட்டால் ஆறு மாதத்தில் பேனலைத் தேட வேண்டிவரும். மிக்கானியா கொடியும் அப்படித்தான், தூணில் ஏறுமுன் பிடுங்க வேண்டும். காய்ந்த லாலாங் ஒரு சிகரெட்டில் பற்றும், பேனலுக்கு அடியில் அதை விட்டுவைக்காதீர்கள்.

எலி வயரைக் கடிக்கும், ஆந்தைப் பெட்டி வையுங்கள். ஆந்தை பேனல்மேல் உட்கார்ந்து எச்சம் போடும் என்று யாரும் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: பெட்டியைப் பேனல் வரிசையிலிருந்து தள்ளி நடுங்கள்.

கங்குங் கட்டு

எல்லாருக்கும் நன்றி. இதுவரை புரிந்தபடி: கொட்டகைக் கூரையில் 22 பேனல். 500 கிலோவாட் படத்துக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. கீரை ஏக்கரில் ஒரே ஒரு சோதனை வரிசை, 20 மீட்டர், 17 பேனல், 9 கிலோவாட் சொச்சம், வடக்கு தெற்காக, கீழ் விளிம்பு 2.1 மீட்டர், பீலியோடு. அதில் சாவி தாங்கினால் பிறகு கூட்டுவது. சரியா?

நிழல் கணக்கு

சோதனை வரிசை ஒன்று என்பது ஏமாற்றும் தம்பி. தனி வரிசைக்கு இரு பக்கமிருந்தும் வெளிச்சம் புகும், சாவி கொழுகொழு என்று வரும். நாலு வரிசை ஆனதும் நடு வரிசையின் அடியில் அதே சாவி நோஞ்சான் ஆகும். குறைந்தது மூன்று வரிசை வேண்டும், அளப்பது நடுவில். அதற்கு 51 பேனல் வாங்கவும் தேவையில்லை.

கறுப்புக் கன்வாஸை 2.3 மீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, மூங்கில் காலில் 2.1 மீட்டர் உயரத்தில் மூன்று வரிசை கட்டுங்கள், வடக்கு தெற்காக, 6.5 மீட்டருக்கு ஒன்று, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்து. பேனல் தரும் அதே நிழல், அதே சொட்டுக் கோடு. பக்கத்தில் இப்போது வழக்கமாகச் செய்யும் வலைப் பாத்தி ஒன்று ஒப்பிட. இரண்டிலும் 10 சதுர மீட்டர் குறித்து, கங்குங்குக்கு 25 நாள், சாவிக்கு 30 நாள், வெட்டிய அன்றே எடை போட்டு எழுதுங்கள். ஒரு சுற்று நவம்பர் மூட்டத்தில் விழ வேண்டும், அதில்தான் உண்மை தெரியும்.

சாயோர் லோரி

எடையோடு விற்கும் தரத்தையும் எழுதச் சொல்லுங்கள் அண்ணே. காம்பு நீண்ட சாவி கிலோவில் குறையாது, பசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஆள் தொட மாட்டான்.

நிழல் கணக்கு

சரியான பேச்சு. முதல் தரம், கழிவு என்று இரண்டு குவியலாகப் பிரித்து எடை போடுங்கள் தம்பி. முதல் தரம் வலைப் பாத்தியில் வந்ததைப்போல 80 விழுக்காடாவது நின்றால் கன்வாஸைக் கழற்றிவிட்டுப் பேனல்காரரைக் கூப்பிடலாம்.

கங்குங் கட்டு

கன்வாஸுக்கும் பீலி கட்டணுமா, இல்லை ஜல்லி போதுமா?

பாரிட் காவல்

ஜல்லி போதும். ஒரு வரிசைக்கு 20 மீட்டர் நீளம், ஓர் அடி அகலம், 3 அங்குல கனம் என்றால் அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வரிசைக்கும் ஒன்றரை கன மீட்டர், சின்ன லோரி ஒரு நடை.